திறந்த கதவும் திருட்டு முத்திரையும்

2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கார்டியோ லாப்ஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையொன்று, மின்னஞ்சலை நம்பிக் காரியம் நடத்தும் ஒவ்வொருவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். டிஸ்னி, ஐ.பி.எம்., நைக், கோகோ-கோலா முதலிய உலகப் பிரசித்தி பெற்ற கம்பெனிகளின் பெயரால் அவ்வருஷத் தொடக்கம் முதல் மோசடிக் கடிதங்கள் சென்றுகொண்டிருந்தன. சராசரி நாளொன்றுக்கு 30 லட்சம் கடிதங்கள் என்றும், ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் 1 கோடியே 40 லட்சம் வரை சென்றன என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது. பிறர் பெயரைப் பொய்யாக இட்டுக் கடிதம் எழுதுவது புதிய வித்தையல்ல. இதிலுள்ள புதுமை யாதெனில், இக்கடிதங்களின்மீது இருந்த முத்திரைகள் யாவும் உண்மையானவை என்பதே. பெறுபவரின் சர்வர், கடிதம் வந்த இடத்தைச் சோதித்தது, சரியாக இருந்தது. கையொப்பத்தைச் சோதித்தது, அதுவும் சரியாக இருந்தது. கடிதம் மாத்திரம் பொய்.

அக்கம்பெனிகளின் பூட்டு எதையும் மோசக்காரர்கள் உடைக்கவில்லை. கையொப்பச் சாவியைத் திருடவும் இல்லை. கம்பெனிகளுக்காகத் தபாலை ஏற்று அனுப்பும் பொறுப்பை வகித்த ஒரு சர்வர், தன்னிடம் தபால் கொடுப்பவன் யார் என்று போதிய அளவு விசாரிக்கவில்லை. அவ்வளவே நடந்தது. இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. 'திறந்த ரிலே' என்பது அப்பெயர். கால் நூற்றாண்டுக்கு முன்பே ஏறக்குறைய ஒழிந்துபோயிற்று என்று நிபுணர்கள் எண்ணியிருந்த தீமை, வேறு உடை தரித்து, பெரிய மனிதர் வீட்டு வாசலிலேயே மறுபடியும் தோன்றியிருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்வது கணினித் தொழிலாளருக்கு மாத்திரம் உரிய வேலை என்று பொதுஜனங்கள் ஒதுங்கிவிடலாகாது. சொந்த சர்வர் வைத்திருக்கும் கலாசாலைகள், பாங்குகள், ஆலைகள், பத்திரிகாலயங்கள் எல்லாவற்றின் நற்பெயரும் இதனுடன் பிணைந்திருக்கிறது.

மின்னஞ்சல் செல்லும் முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லுவோம். எஸ்.எம்.டி.பி. என்று வழங்கும் அஞ்சல் ஒழுங்குமுறையை ஜானதன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 ஆகஸ்டு மாதத்தில் 'ஆர்.எப்.சி. 821' என்ற பத்திரமாக எழுதி வெளியிட்டார். அதன்படி ஒரு சர்வர் மற்றொரு சர்வரின் 25-ஆம் எண் வாயிலைத் தட்டுகிறது. தன் பெயரைச் சொல்லுகிறது. அனுப்புபவர் இன்னார் என்கிறது. பெறவேண்டியவர் இன்னார் என்கிறது. பிறகு கடிதத்தை ஒப்புவிக்கிறது. இந்த நான்கு படிகளில், சொல்லுபவன் சொல்லுவது மெய்தானா என்று விசாரிக்கும் படி ஒன்றேனும் இல்லை. கடிதத்தை வாங்கிக்கொண்ட சர்வர், அது தன் வீட்டாருக்கு உரியதாயின் அவர்களிடம் சேர்ப்பிக்கிறது. வெளியாருக்கு உரியதாயின் அடுத்த சர்வருக்குக் கைமாற்றி அனுப்புகிறது. இக்கைமாற்றுக்குத்தான் ரிலே என்று பெயர்.

அந்நாட்களில் ரிலே செய்வது ஒரு தர்ம கைங்கரியமாகவே கருதப்பட்டது. வலையில் சேர்ந்திருந்தவை பெரும்பாலும் சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளுமே, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இணைப்புகளோ நிச்சயமற்றவை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நேரே வழியில்லாதபோது, இடையிலுள்ள சர்வர் வாங்கி வைத்திருந்து அனுப்பி உதவிற்று. வழிப்போக்கனுக்குச் சத்திரத்தில் இடம் கொடுப்பவன், உன் ஊர் எது, பெயர் எது என்று குடைந்து கேட்பதில்லை அல்லவா? அதே நாகரிகம் இங்கும் இருந்தது. ஆகையால் 1982-ஆம் வருஷத்து விதியை எழுதியவரைக் குறை கூறுவதற்கு இடமில்லை. சத்திரம் திருடர்களின் தங்குமிடமான பிறகும் கதவைச் சாத்தாதவர்களே கேள்விக்கு உரியவர்கள்.

1990-களின் நடுவில் வர்த்தக விளம்பரக்காரர்கள் இணையத்தில் பெருகியபோது அந்நிலைமை வந்தது. நம் நாட்டுத் தபாலில் 'பேரிங்' கடிதம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அனுப்பியவன் தலை ஒட்டாமல் போட்டுவிடுவான். பெறுகிறவன் இரட்டிப்புக் கட்டணம் கொடுக்கவேண்டும். ஆனால் பேரிங் கடிதத்தை வேண்டாமென்று மறுத்துவிடும் உரிமையாவது பெறுபவனுக்கு உண்டு. திறந்த ரிலேயின் வழியாக வரும் குப்பைத் தபாலிலோ அந்த உரிமையும் இல்லை. விளம்பரக்காரன் ஒரே ஒரு பிரதியை, ஆயிரக்கணக்கான விலாசங்களுடன், யாரோ ஒருவருடைய சர்வரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். அதைப் பிரதி எடுத்து ஒவ்வொருவருக்கும் அனுப்பும் உழைப்பு அந்த சர்வருடையது. கம்பிக் கட்டணம் அதன் சொந்தக்காரருடையது. சேராத கடிதங்கள் திரும்பிவந்து குவிவதும் அங்கேதான். ஜனங்களின் வசவும் அந்தப் பெயருக்கே. லாபம் மாத்திரம் விளம்பரக்காரனுக்கு.

இதற்குப் பரிகாரம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. அக்காலத்தில் உலகத்து அஞ்சலில் பெரும்பகுதியைச் சுமந்த சென்ட்மெயில் என்னும் மென்பொருள், 1998-ஆம் வருஷம் வெளிவந்த 8.9-ஆம் பதிப்பில் அந்நியருக்கு ரிலே செய்வதை இயல்பாகவே மறுக்கத் தொடங்கிற்று. அதுவரை கதவைச் சாத்துவதற்குத் தனி முயற்சி வேண்டியிருந்தது. அதன் பின்பு திறப்பதற்கே தனி முயற்சி வேண்டியதாயிற்று. 1999 பிப்ரவரியில் வெளியான 'ஆர்.எப்.சி. 2505', அனுமதியற்ற ரிலேயைத் தடுப்பது ஒவ்வொரு சர்வருக்கும் உரிய கடமை என்று வகுத்தது. அதே வருஷம் மார்ச்சில் அனுப்புபவன் தன்னை நிரூபித்துக்கொள்ளும் முறையும் பத்திரமாயிற்று. அதற்குச் சற்று முன்பு, 1998 டிசம்பரில், ஒரு ஸ்தாபனத்தின் சொந்த உறுப்பினர்கள் தபால் கொடுப்பதற்கென 587-ஆம் எண் வாயில் தனியே ஒதுக்கப்பட்டது. வெளியார் தபால் கொண்டுவரும் வாசல் வேறு, வீட்டார் தபால் கொடுக்கும் வாசல் வேறு என்ற பாகுபாடு இவ்வாறு ஏற்பட்டது.

மற்றொரு திசையிலிருந்து வந்தது தண்டனை. 1997-இல் பால் விக்ஸி முதலியோர் நடத்திய மாப்ஸ் ஸ்தாபனமும், 1998-இல் ஸ்டீவ் லின்போர்டு ஸ்தாபித்த ஸ்பாம்ஹாஸும் தீய தபாலின் பிறப்பிடங்களைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிப் பிரசுரித்தன. பட்டியலில் ஏறிய சர்வரின் கடிதங்களை உலகத்தார் வாங்க மறுத்தார்கள். அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2004 ஜனவரியில் 26 நாடுகளின் அதிகாரிகளோடு சேர்ந்து, திறந்து கிடந்த சர்வர்களின் சொந்தக்காரர்களுக்குப் பல்லாயிரக்கணக்கில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. பிறந்த இடத்தை மறைத்து ஏமாற்றும் எண்ணத்துடன் பிறருடைய கணினி வழியாக வர்த்தகத் தபாலைத் திரளாக ரிலே செய்வது, அதே மாதம் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்த அமெரிக்கச் சட்டத்தில் கிரிமினல் குற்றமாக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தை நியாயமாக எடுத்துச் சொல்லவேண்டும். எழுத்துச் சுதந்திரத்துக்காகப் பாடுபடும் ஜான் கில்மோர் என்பவர், தம் சர்வரை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார். கடிதத்தைச் சுமந்து செல்பவன் அதன் யோக்கியதையை விசாரிக்கத் தொடங்கினால், நாளடைவில் அவனே எல்லோருக்கும் தணிக்கை அதிகாரியாகிவிடுவான் என்பது அவர் வாதத்தின் சாரம். 2001-இல் அவருக்கு இணைப்பு அளித்த கம்பெனி அவருடைய தபாலுக்குத் தடை விதித்தது. கறுப்புப் பட்டியல்களைப்பற்றியும் இவ்வாறே முறையீடுகள் எழுந்தன. நியூஜிலாந்திலிருந்து நடந்த ஆர்ப்ஸ் என்னும் பட்டியல், கேளாமலே பிறர் சர்வர்களைத் தட்டிச் சோதித்ததாகவும் நியாயமின்றிச் சிலரைப் பட்டியலில் ஏற்றியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டு, நீதிமன்ற நடவடிக்கைகளுக்குப் பின் 2001-இல் மூடப்பட்டது. விசாரணையின்றித் தண்டனை விதிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தாலும் ஆபத்தானது என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால் கில்மோரின் வாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கடிதத்தின் உட்பொருளைப் படித்து இது தகும், இது தகாது என்று தீர்ப்பளிப்பது தணிக்கை. கடிதத்தை என்னிடம் கொடுப்பதற்கு உனக்கு உரிமை உண்டா என்று கேட்பது தணிக்கையல்ல. ஒரு வக்கீல் வக்காலத்து இல்லாமல் எவருக்காகவும் கோர்ட்டில் ஆஜராவதில்லை. அதனால் அவர் கட்சிக்காரரின் பேச்சுரிமையைப் பறித்துவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சர்வர் ஒரு கடிதத்தை வெளியே அனுப்பும்போது தன் சொந்தக்காரரின் பெயரையும் மதிப்பையும் அதனுடன் சேர்த்தே அனுப்புகிறது. அப்பெயரைச் சொல்லிக்கொள்ள எவனுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்மானிப்பது அச்சொந்தக்காரரின் உரிமை. உரிமை மாத்திரமல்ல, கடமையும் ஆகும்.

இக்கடமையின் முழுச் சட்டத்தையும் மூன்று வரிகளில் எழுதிவிடலாம். பெறுபவர் நம்மவரானால், எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அனுப்புபவர் நம்மவர் என்று நிரூபணமானால், எங்கே போவதாயினும் அனுப்பலாம். அனுப்புபவரும் அந்நியர், பெறுபவரும் அந்நியர் என்றால், '550' என்னும் மறுப்புச் சொல்லைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடவேண்டும். இதில் 'நிரூபணமானால்' என்ற ஒரு சொல்லில்தான் இன்றைய தொல்லைகள் யாவும் அடங்கியிருக்கின்றன. எதை நிரூபணமாகக் கொள்வது? ஆளைப் பார்த்தா, அவன் நின்றுகொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தா?

மைக்ரோசாப்ட் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சு சர்வரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் தபால் நுழையும் ஒவ்வொரு வாயிலுக்கும் 'ரிசீவ் கனெக்டர்' என்று பெயர். ஒவ்வொரு கனெக்டருக்கும் மூன்று ஷரத்துக்கள் உண்டு. எந்த ஐ.பி. விலாசங்களிலிருந்து வருபவர்களுக்கு இவ்வாயில் திறக்கும் என்பது ஒன்று. அவர்கள் தம்மை எவ்வாறு நிரூபிக்கவேண்டும் என்பது இரண்டு. உள்ளே வந்தவர்களுக்கு என்ன செய்ய அனுமதி என்பது மூன்று. ஸ்தாபனம் செய்தவுடன் அமைந்திருக்கும் கனெக்டர், பெயர் சொல்லாத வெளியாரிடமிருந்தும் தபால் வாங்கும். ஆனால் நம் டொமைனுக்கு உரிய தபாலை மாத்திரமே வாங்கும். ஆகவே புதிதாக அமைத்த சர்வர் திறந்த ரிலே அல்ல. அதைத் திறந்த ரிலே ஆக்குவது பிற்பாடு மனிதர் செய்யும் காரியம்.

அது எவ்வாறு நேருகிறதெனில், ஆபீஸில் ஒரு நகல் யந்திரம் வருகிறது. ஸ்கேன் செய்த தஸ்தாவேஜை வெளியூர் வாடிக்கைக்காரருக்கு அது நேரே அனுப்பவேண்டும். பழைய யந்திரத்துக்குக் கடவுச்சொல் கொடுத்துத் தன்னை நிரூபிக்கத் தெரியாது. கணக்கு மென்பொருளும், காவற் காமிராவும் இதே கோரிக்கையுடன் வரிசையில் நிற்கின்றன. நிர்வாகி ஒரு தனிக் கனெக்டர் அமைத்து, பெயர் சொல்லாதவரும் எவருக்கும் தபால் அனுப்பலாம் என்ற அனுமதியை அதற்கு அளிக்கிறார். இதில் தவறில்லை, அந்த யந்திரத்தின் ஒற்றை ஐ.பி. விலாசத்தை மாத்திரம் அதில் குறித்திருந்தால். ஆனால் அவசரத்தில் கட்டிடத்தின் முழு விலாச வரிசையையும் குறித்துவிடுகிறார், அல்லது 0.0.0.0 முதல் 255.255.255.255 வரை, அதாவது பூமியிலுள்ள அத்தனை விலாசங்களையும், இருந்தபடியே விட்டுவிடுகிறார். நகல் யந்திரம் வேலை செய்கிறது, எல்லோருக்கும் திருப்தி. அன்றிரவே உலகத்துக்கும் கதவு திறந்துவிட்டது என்பது எவருக்கும் தெரிவதில்லை.

இதைவிடச் சூட்சுமமான அபாயம் ஒன்றுண்டு. கனெக்டரில் உள்வீட்டு விலாசங்களையே ஜாக்கிரதையாகக் குறித்திருப்பார்கள். ஆனால் சர்வருக்கு முன்னால் நிற்கும் பயர்வால் அல்லது சுமை பங்கீட்டு யந்திரம், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பின் விலாசத்தையும் அழித்துவிட்டுத் தன் சொந்த விலாசத்தை அதன்மேல் எழுதி உள்ளே அனுப்பும்படி அமைந்திருக்கும். சர்வரின் கண்ணுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வீட்டு மனிதர்களாகத் தோன்றுவார்கள். வாயிற்காவலன் ஒருவன், வருகிறவர்களுக்கெல்லாம் தன் சட்டையையே போட்டு உள்ளே அனுப்பினால், வீட்டுக்காரர் யாரைச் சந்தேகிப்பார்? சர்வரின் அமைப்பை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் இக்குற்றம் அதில் அகப்படாது. ஏனெனில் அது இரண்டு யந்திரங்களுக்கு இடையில் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு இலாகாக்களுக்கு இடையில் இருக்கிறது.

இவ்விரு பிழைகளுக்கும் மூலம் ஒன்றே. ஆளை நம்பவேண்டிய இடத்தில் இடத்தை நம்பினார்கள். முதலில் சொன்ன 2024-ஆம் வருஷத்து விவகாரத்தையும் இதே வெளிச்சத்தில் பார்த்தால் மர்மம் விலகிவிடும். அப்பெரிய கம்பெனிகள் தங்கள் தபாலைப் பரிசோதித்து அனுப்பும் வேலையைப் புரூப்பாயிண்ட் என்னும் ஸ்தாபனத்துக்கு முக்தியார் கொடுத்திருந்தன. கம்பெனியின் பெயரால் அனுப்ப இந்த சர்வருக்கு அதிகாரம் உண்டு என்று டொமைன் பதிவேட்டில் எழுதுவது எஸ்.பி.எப். முறை, கடிதத்தின்மேல் கணித முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். முறை. இவ்விரண்டு அதிகாரமும் புரூப்பாயிண்டிடம் இருந்தன. அக்கம்பெனிகளின் ஊழியர்கள் மைக்ரோசாப்ட் 365 சேவையில் தபால் எழுதுகிறவர்கள். ஆகையால் அச்சேவையின் ஐ.பி. விலாசங்களிலிருந்து வரும் தபாலை ஏற்று முத்திரையிட்டு அனுப்பும்படி ரிலே அமைக்கப்பட்டிருந்தது.

பிழை இங்கேதான். மைக்ரோசாப்ட் 365 ஒரு தனி வீடல்ல; லட்சோபலட்சம் குடித்தனக்காரர் வசிக்கும் மாபெரும் கட்டிடம். அங்கே யார் வேண்டுமானாலும் வாடகை கொடுத்து அறை எடுக்கலாம். மோசக்காரர்கள் தங்கள் கைவசமிருந்த அறைகளிலிருந்து, டிஸ்னியின் பெயரை இட்ட கடிதங்களை, டிஸ்னிக்கு உரிய ரிலேக்கே அனுப்பினார்கள். கடிதம் அக்கட்டிடத்திலிருந்து வருகிறதா என்று பார்த்த ரிலே, எந்த அறையிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. உடனே உண்மையான முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டது. புரூப்பாயிண்ட் பின்னர் செய்த பரிகாரமும் இதையே உறுதிப்படுத்துகிறது. மைக்ரோசாப்ட் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் குறிக்கும் குடித்தனக்காரரின் அடையாளத்தைச் சோதித்து, வாடிக்கைக்காரர் பெயர் குறித்து அனுமதித்தவர்களை மாத்திரம் ஏற்பது என்பதே அப்பரிகாரம்.

இதிலிருந்து கிடைக்கும் படிப்பினையைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 'சொந்த சர்வர் வைத்திருப்பது தொல்லை; பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால் கவலை தீர்ந்தது' என்பது இன்று பல நிர்வாகிகளின் மனோபாவமாயிருக்கிறது. உலகத்தின் பெரிய கம்பெனிகள், பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தின் மூலம் செய்த ஏற்பாட்டிலேயே இக்கதவு திறந்திருந்தது. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. மேகச் சேவையிலும் கனெக்டர்கள் உண்டு. நம் சர்வரை அச்சேவை அடையாளம் கண்டுகொள்வதற்கு ஐ.பி. விலாசம் ஒரு வழி, சான்றிதழ் மற்றொரு வழி. பலர் பங்கிட்டுக்கொள்ளும் விலாசத்தை அடையாளமாகக் கொடுத்தவன், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தன் சாவியைக் கொடுத்தவனாவான். சான்றிதழையே அடையாளமாகக் கொள்வது மேலானது.

ஸ்தாபனங்களின் தலைவர்கள் தம் நிர்வாகிகளிடம் சில கேள்விகளை இன்றே கேட்கலாம். இவற்றைக் கேட்பதற்குத் தலைவர்கள் கணினி நிபுணர்களாயிருக்கவேண்டிய அவசியம் இல்லை. நம்மிடம் எத்தனை கனெக்டர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாருக்காக, எந்த வருஷம் திறக்கப்பட்டது? பெயர் சொல்லாமல் வெளியே தபால் அனுப்பும் அனுமதி எவற்றுக்கு உண்டு? அவற்றில் குறித்துள்ள விலாசங்கள் ஒற்றை ஒற்றையாக இருக்கின்றனவா, வரிசை வரிசையாகவா? எடுத்தெறிந்துவிட்ட நகல் யந்திரத்துக்காகத் திறந்த கதவு இன்னும் திறந்திருக்கிறதா? தன்னை நிரூபிக்கத் தெரிந்த யந்திரங்களை 587-ஆம் வாயிலுக்கு மாற்றியாகிவிட்டதா? கடைசியாகவும் முக்கியமாகவும், நம் கட்டிடத்துக்கு வெளியே ஓரிடத்திலிருந்து நமது சர்வரின் 25-ஆம் வாயிலைத் தட்டி, அந்நியர் பெயரில் அந்நியருக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா, அது மறுத்ததா? உள்ளிருந்து செய்யும் சோதனைக்கு இதில் மதிப்பே இல்லை. ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும், பயர்வாலில் செய்த மாறுதலானாலும் சரி, இச்சோதனை நடக்கவேண்டும்.

கதவை நன்றாகச் சாத்திய பின்பும் ஒரு வழி இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. ஓர் ஊழியரின் கடவுச்சொல் திருடர் கையில் சிக்கினால், அத்திருடன் நிரூபணமுள்ள நம்மவனாகவே சர்வரின் கண்ணுக்குத் தோன்றுவான். ஆகையால் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்தில் எத்தனை கடிதம் அனுப்பலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், வரிசையில் தபால் திடீரென்று பெருகினால் மணியடிக்கவேண்டும், பதிவேடுகளைப் பாதுகாக்கவேண்டும். நம் நாட்டில் செர்ட்-இன் ஸ்தாபனம் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு, பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட கணினிச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் விதிக்கிறது. 2016, 2019-ஆம் வருஷத்து எக்ஸ்சேஞ்சு பதிப்புகளுக்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவற்றை இன்னும் வைத்திருப்பவர்கள் ஓட்டைக்கூரையின் கீழ் பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒப்பாவார்கள்.

சட்டம் நம்மைக் காப்பாற்றிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். பிறந்த இடத்தை மறைத்து அனுப்பும் மின்னஞ்சலைத் தண்டிக்கும் வாசகம் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் இருந்தது. அப்பிரிவு பேச்சுரிமையை நெரிக்கும் கயிறாக உபயோகிக்கப்பட்டமையால், சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24-ஆம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அதை முழுவதும் ரத்து செய்தது. அத்தீர்ப்பை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். கணினி மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66-டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை இன்றும் உண்டு. ஆனால் குற்றவாளி எந்தக் கண்டத்தில் இருக்கிறான் என்பதே தெரியாதபோது அப்பிரிவு யாருக்கு உதவும்? கறுப்புப் பட்டியலில் ஏறிய பெயரை எந்தக் கோர்ட்டின் டிக்ரியும் மறுநாளே மீட்டுக்கொடுக்காது. அதற்குள் விலைப்பட்டியல் போய்ச் சேராத வியாபாரியும், பரீட்சை முடிவு கிடைக்காத மாணவரும் நஷ்டமடைந்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. மின்னஞ்சல் எவருடைய தனிச் சொத்தாகவும் படைக்கப்படவில்லை. ஒரு சிறு கலாசாலையின் சர்வரும் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனியின் சர்வரும் ஒரே விதியின் கீழ் சரிசமமாகப் பேசிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. திறந்த ரிலேக்களால் விளைந்த குப்பை, நம்பிக்கையைக் குலைத்தது. நம்பிக்கை குலைந்த இடத்தில் புதிய காவலர்கள் தோன்றினார்கள். 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும், திரளாகத் தபால் அனுப்புகிறவர்கள் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வைத்திருக்கவேண்டும், குப்பை என்ற புகார் 0.3 சதவிகிதத்தை எட்டலாகாது என்று விதித்தன. நாளொன்றுக்கு 5000 கடிதம் என்பது கூகிளின் கணக்கு. 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்ட்டும் இவ்வகை விதிகளை அமுலாக்கத் தொடங்கிற்று. விதிகள் பெரும்பாலும் நியாயமானவையே. ஆனால் அவற்றை இயற்றியது எந்தச் சட்டசபை? அவற்றின்மீது அப்பீல் கேட்கும் கோர்ட்டு எங்கே? இரண்டு மூன்று கம்பெனிகள் வாசலில் நின்று, எவருடைய கடிதம் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் நிலைமை உருவாகிவிட்டது.

இதற்காகக் கம்பெனிகளைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. தன் வாசலைத் தான் காவாதவனுக்கு, பிறன் வந்து காவல் வைப்பான். காவல் வைத்தவன் பிறகு அதிகாரமும் செய்வான். இது அரசியலில் உண்மை, அஞ்சலிலும் உண்மை. கில்மோர் அஞ்சிய தணிக்கைக்கு வழி கோலியது கதவை மூடியவர்களின் கண்டிப்பல்ல. மூடவேண்டிய காலத்தில் மூடாதவர்களின் அசட்டையே. சிறு சர்வர்கள் தம் கனெக்டர்களைத் தாமே ஒழுங்காக வைத்துக்கொண்டால், அவற்றைப் புறக்கணிப்பதற்குப் பெரியவர்களுக்கு ஒரு சாக்கு குறையும். ஒழுங்காக வைக்காவிட்டால், சொந்தமாக அஞ்சல் நடத்தும் உரிமையே வழக்கொழிந்துபோகும். பிறகு எல்லோரும் இரண்டொரு கட்டிடங்களில் அறை எடுத்துக்கொண்டு, அங்கே இயற்றப்படும் விதிக்குத் தலைவணங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே, ஸ்தாபனங்களின் நிர்வாகிகளுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் சர்வர் எந்த இடத்தையேனும் நம்பி எவனையேனும் உள்ளே விடுகிறதா என்று இவ்வாரத்திலேயே சோதியுங்கள். விட்டால், அவ்விடத்துக்குப் பதிலாக ஆளை நிரூபிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். செய்ய இயலாத யந்திரத்துக்கு ஒற்றை விலாசத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். இதற்குச் செலவு அதிகமில்லை. அரை நாள் வேலையும் சிறிது அக்கறையும் போதும்.